சத்தம் வராத கைதட்டல்

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரத்தில் நான்கு தனியார் பேருந்துகள் நின்றிருந்தன. துணை நடிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் எல்லாவற்றிலும் ஒரே வாசனைதான். நேற்றைய வியர்வை, சிந்திய சாம்பார், யாரோ தலையிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டுப் போன மல்லிகை. கஸ்தூரி மாங்காட்டிலிருந்து வந்து இந்த வாசனைக்குள் ஏறத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் உள்ள படப்பிடிப்புத் தளங்களில் அவள் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், சாவு வீட்டில் அழுதிருக்கிறாள், கலவரத்தில் ஓடியிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுகிறவர்களுக்குப் பின்னால் இருப்பதுதான் அவள் தொழில்.

"இன்னிக்கு ஷூட்டிங் இல்ல," என்றான் பூபாலன். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். பேருந்தின் முன்பக்கம் டிரைவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். "கூட்டம். திருநின்றவூர்ல கல்யாண மண்டபம். ஏசி. வெயில்ல நிக்கத் தேவையில்ல, கம்முனு குந்திகினு இருந்தா போதும்."

"இன்னா கூட்டம் அண்ணாத்தே?" என்று கேட்டாள் ஜமீலா. கஸ்தூரிக்குப் பக்கத்து சீட். எந்தப் படப்பிடிப்பிலும் இருவரும் சேர்ந்தேதான் உட்காருவார்கள்.

"கரண்டு கூட்டம்."

"பில்லு ஏத்தப் போறாங்களா?"

"புதுசா கரண்டு எடுக்கப் போறாங்க. அணு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "த பாரு, அந்த வார்த்தய யாரும் எடுக்கக் கூடாது. உலைன்னும் சொல்லக் கூடாது. பசுமை மின் பூங்கா. எங்க, எல்லாரும் ஒரு தபா சொல்லுங்க."

பேருந்து முழுவதும் பசுமை மின் பூங்கா என்றது. பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர், "பூங்கான்னா ஊஞ்சல் இருக்குமா நைனா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது.

"நீங்கள்லாம் யாருன்னா, வேம்படிக்குப்பத்து ஜனங்க," என்றான் பூபாலன். "யார் கேட்டாலும் அந்த ஊருதான்."

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள்.

வேம்படிக்குப்பம் வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. பழசாகிவிட்டதென்று அதை மூடிவிட்டார்கள். மூடிய இடத்திலேயே சிறிய அணு உலைகளை ஒரு தனியார் நிறுவனம் நிறுவப்போகிறது என்று சில மாதங்களாகப் பேச்சு. ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கருத்தைக் கடலோரத்தில் கேட்டால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று யாரோ முடிவு செய்து, கூட்டத்தைத் திருநின்றவூருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வேம்படிக்குப்பத்துக் கடலுக்கும் திருநின்றவூர் ஏரிக்கும் இடையில், இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது.

கஸ்தூரி பிறந்த ஊர் அது. அவளுடைய அக்கா பொன்னியம்மா இன்னும் அங்கேதான் மீன் விற்கிறாள். போன வாரம்கூட போன் செய்திருந்தாள். "நம்மகிட்ட கருத்து கேக்கப் போறாங்களாம்டி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். நம்ம ஊருக்கு இருக்கிறது ஒத்த ரோடு. மய பேஞ்சா அந்தப் பாலம் முழுகிடும். ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா ஜனங்க எந்தப் பக்கம் ஓடுறது? இத்த மட்டும் கேட்டு, அவங்க எழுதிக்கினாங்களான்னு பாத்துட்டு வந்துடுவேன்." கஸ்தூரி அப்போது குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆமாக்கா, ஆமாக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அண்ணாத்தே, அது நான் பொறந்த ஊரு," என்றாள் இப்போது.

பூபாலன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "சத்தியமா? சூப்பர்! அப்ப நீதான் பேசுற. ஆக்டிங்கே தேவையில்ல, சொம்மா நேச்சுரலா வந்துடும்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் டோக்கனையும் எடுத்தான். டோக்கனில் அவள் பெயரை எழுதி, இரண்டையும் அவள் கையில் வைத்தான். "இது டயலாக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ. அது மேடைல பேசுறதுக்கு டோக்கன்."

'எங்க ஊரு இருட்டுல கிடக்குது ஐயா. எங்க புள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும். பசுமை மின் பூங்கா வரட்டும்.'

வேம்படிக்குப்பத்தில் கரண்டு இல்லாமல் இல்லை. அனல் மின் நிலையத்தின் ராட்சத விளக்குகள் இரவெல்லாம் எரிந்து, கூட்டில் அடைந்த கோழிகள் பகலென்று குழம்பிப்போன ஊர் அது. கஸ்தூரிக்கு அது தெரியும். ஆனாலும் பேருந்து பூந்தமல்லியைத் தாண்டும்போது அவள் உதடு அந்த வரிகளைச் சொல்லிப் பார்த்தது. 'ஐயா' என்ற இடத்தில் குரலை இறக்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முதல் டயலாக். தோன்றிய உடனே வெட்கமாகவும் இருந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்கா எங்கே இவ்வளவு தூரம் வரப்போகிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

மண்டபத்தில் முதல் நாள் கல்யாணம் நடந்திருந்தது. மேடைச் சுவரில் தெர்மாகோல் எழுத்துகளில் இருந்த மணமக்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. அதன்மேல் பச்சை பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பேனருக்கு மேலே 'கார்த்திகா' என்பதும் கீழே 'மனோகரன்' என்பதும் பாதி பாதி தெரிந்தன. நடுவில் நாடு இருந்தது: வளர்ந்த நாடாக ஆவதற்கு இரண்டாயிரத்து நாற்பத்தேழுக்குள் நூறு ஜிகாவாட் அணு மின்சாரம். எதிர்ப்பக்கச் சுவர் முழுவதும் இலைகள், பட்டாம்பூச்சிகள். எழவு பிடித்த ரூம் ஸ்பிரேயை அடித்துத் தொலைத்திருந்தார்கள். அதற்கு அடியில் முதல் நாள் பந்தியின் புளித்த வாடை அப்படியே இருந்தது.

வாசலில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஏன் வாழைப்பழம் என்பது பிறகுதான் தெரிந்தது.

விழா ஏற்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த விஷால் என்ற இளைஞன் வந்து, பூபாலன் காதில் ஏதோ சொன்னான். பூபாலன் வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி அதைத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டு போனான்.

"ஒரே வார்த்த. 'பாதுகாப்பு'. காதுல வியுந்ததும் கைய தட்டணும். யாரு சொல்றா, இன்னாத்துக்கு சொல்றான்னு ஆராய்ச்சி பண்ணிகினு இருக்காதீங்க. அப்பால, சைடுல ரெண்டு கேமரா கீது. லுக்கு குடுக்காதீங்க."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது துணை நடிகர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஒருவர் பார்த்துவிட்டாலும் அந்தக் காட்சி போயிற்று. மண்டபத்தில் வந்து உட்கார்ந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர்கூட கேமரா பக்கம் திரும்பவில்லை. நிஜமான ஊர்க்கூட்டமாக இருந்தால் பாதிப் பேர் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேடையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். தலைமை அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "இந்தத் திட்டத்தில் மக்களின் பாதுகாப்புக்கே முதலிடம்."

கூட்டம் கை தட்டியது. ஒரு சத்தமும் வரவில்லை.

படப்பிடிப்பில் கதாநாயகன் பேசும்போது பின்னால் இருப்பவர்கள் சத்தம் வராமல்தான் கை தட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவன் பேசுவது பதிவாகாது. கைதட்டல் ஒலியைப் பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளங்கைகள் வேகமாக வந்து, தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிடும். முகத்தில் மகிழ்ச்சி இருக்கும். வருடக்கணக்காகப் பழகிய கைகள் பழகியதைச் செய்தன. மண்டபம் முழுவதும் கைகள் அசைந்தன, பற்கள் தெரிந்தன. ஏசி இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

அதிகாரி பேச்சை நிறுத்தினார். தனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விஷால் ஓடினான். பூபாலன் தூணுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். "சவுண்டோட! சவுண்டோட தட்டுங்கய்யா! இது லைவ் சவுண்டு!"

"முன்னாடியே சொல்ல வேணாமா?" என்றாள் ஜமீலா. "படமா நெஜமான்னு சொல்லிட்டு கூட்டினு வரணும் இல்ல?"

அடுத்த 'பாதுகாப்பு'க்குக் கூரை அதிர்ந்தது.

பிறகு நிபுணர் ஒருவர் எழுந்தார். வேட்டி கட்டிவந்திருந்தார். அது அவருக்குப் பழக்கமில்லை என்பது நடையில் தெரிந்தது. "எல்லாரும் கையில இருக்கிற பழத்தை உரிங்க," என்றார். உரித்தார்கள். "சாப்பிடுங்க." சாப்பிட்டார்கள். "இப்ப நீங்க சாப்பிட்டதுலயும் கதிர்வீச்சு இருக்கு! யாருக்காவது ஏதாவது ஆச்சா?" மேடையில் சிரித்தார்கள். கீழே ஒருவர் தோலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பழத்தில் கதிர்வீச்சு இருப்பது உண்மைதான். குழந்தைக்கு ஊசி போடுமுன் மிட்டாய் காட்டுவதுபோல் அந்த உண்மையைக் காட்டினார்கள். தோல்களைப் போடக் கூடை வைக்கவில்லை. எல்லோரும் நாற்காலிக்குக் கீழே போட்டார்கள். சிறிது நேரத்தில் அந்த இனித்துக் கெட்ட வாடையும் மற்ற வாடைகளோடு சேர்ந்துகொண்டது.

திருநின்றவூர்க்காரர் ஒருவரும் பேசினார். பிரசன்னா என்று பெயர். ஐடி நிறுவனத்தில் வேலை, சொந்த பிளாட். மண்டபத்துக்கு வெளியே பேனரைப் பார்த்துவிட்டுத் தானாக உள்ளே வந்து, மீதமிருந்த டோக்கன் ஒன்றை வாங்கியிருந்தார். "எங்க அபார்ட்மென்ட்ல சாயந்திரம் ஏசி போட்டா வோல்டேஜ் விழுது. நிலக்கரிய எரிச்சுக்கிட்டே இருக்க முடியாது. எனக்கு இந்தத் திட்டத்துல மறுப்பு இல்ல. ஒரே ஒரு சந்தேகம். எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள எங்க வைப்பீங்க? அதோட பாதுகாப்பு..."

கைதட்டல் இடிபோல விழுந்தது. அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடி கேட்க வாயெடுத்தார். "நல்ல கருத்து, அது அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்," என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அன்று மண்டபத்தில் யாரும் எழுதிக்கொடுக்காத வாக்கியத்தை முதலில் பேசியவர் அவர்தான். மேடையிலிருந்து இறங்கி நேரே வெளியே போய்விட்டார்.

அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாக ஒரு குரல் உள்ளே வந்தது.

"டோக்கன் தீந்துப்போச்சா? இன்னாய்யா டோக்கன்? ரேஷன் கடையா இது? எங்க ஊரு விசயம்யா! நாங்களே இன்னும் உள்ள வரல, யாருக்குய்யா குடுத்த எல்லாத்தயும்?"

கஸ்தூரி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குனிந்தாள். காலடியில் வாழைப்பழத்தோல்கள் கிடந்தன.

"இன்னாடி?" என்றாள் ஜமீலா.

"எங்க அக்கா."

ஜமீலா கதவு பக்கம் பார்த்தாள். "போ," என்றாள். "போடி. இங்க குந்தி இன்னா பண்ணப் போற?"

கஸ்தூரி எழுந்து போனாள். வாசல் மேசைக்கு முன்னால் பொன்னியம்மா வியர்த்துப்போய் நின்றிருந்தாள். கூட ஊர்க்காரர்கள் சிலர். அவர்கள் வந்த வேன்களை நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்திவிட்டது. நடந்துபோய் மின்சார ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, திருநின்றவூருக்கு வந்திருக்கிறார்கள். பலர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

பொன்னியம்மா தங்கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எதிர்கொள்ளக் கஸ்தூரி தயாராக இல்லை.

"யேய், கஸ்தூரி! நீயும் வந்துட்டியா! போன்ல சொன்னப்ப காதுலயே வாங்கலன்னு நென்ச்சேன்டி." ஊர்க்காரர்களிடம் திரும்பினாள். "பாரு, என் தங்கச்சி. மாங்காட்டுல இருந்து நம்ம ஊருக்காக வந்துகீறா."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கஸ்தூரி டோக்கனை எடுத்து நீட்டினாள். "உனக்குன்னுதான் வாங்கி வெச்சேன்க்கா."

பொன்னியம்மா டோக்கனை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

ஊர்க்காரர்களைப் பின்சுவரோரம் நிற்கவிட்டார்கள். நாற்காலிகள் நிறைந்திருந்தன. கஸ்தூரி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பூபாலன் குனிந்து, "எங்க போன? அடுத்தது நீதான். டயலாக் ஞாபகம் கீதா?" என்றான். பதில் சொல்வதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"கஸ்தூரி, வேம்படிக்குப்பம்."

பொன்னியம்மா நடந்து போனாள். மேடையில் இருந்த எழுத்தர் டோக்கனைப் பார்த்தார். "கஸ்தூரியா?"

"பொன்னியம்மா."

"டோக்கன்ல கஸ்தூரின்னு இருக்கேம்மா."

"யாரு பேரா இருந்தா இன்னா சார்? வேம்படிக்குப்பம்தான். பேச வுடு."

பூபாலனின் கை கஸ்தூரியின் தோளை அழுத்தியது. "யாருடி இது?" அவன் விஷாலைப் பார்த்தான். விஷால் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினான்.

பொன்னியம்மா மைக்கைப் பிடிக்கவில்லை. ஏலக் கரையில் கத்திப் பழகிய தொண்டை.

"வணக்கம். எனக்கு படிப்பு இல்ல. அணு இன்னா பண்ணும், பண்ணாது, எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன். அனல் மின் நிலையம் கட்டுறப்பவும் இப்பிடிதான் பந்தல் போட்டு கூப்ட்டாங்க. ஊட்டுக்கு ஒரு வேலன்னாங்க. வெள்ள துணிய காயப்போட்டா சாம்பலாதான் எடுத்தோம். அப்பவும் உங்களுக்கு பாதுகாப்புன்னு..."

மண்டபம் கைதட்டியது.

பொன்னியம்மா நிறுத்தினாள். முகத்தில் ஆச்சரியம். முகம் தெரியாத இத்தனை பேர் தனக்காகக் கை தட்டுகிறார்கள். அவள் சிரித்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். கஸ்தூரி அந்தக் கும்பிடைப் பார்த்தாள்.

"ரொம்ப சந்தோசம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். எங்க ஊருக்கு ஒத்த ரோடு. மய பேஞ்சா பாலம் முழுகிடும். அன்னிக்கின்னு பாத்து எதுனா ஒண்ணு ஆச்சின்னா, எங்க பாதுகாப்புக்கு..."

மறுபடியும் கைதட்டல். இப்போது அவள் சிரிக்கவில்லை. "இருங்க, இருங்க. முடிச்சிக்கிறேன். கேள்விய முடிக்க வுடுங்க. நாங்க எந்தப் பக்கம்..." இன்னும் ஓயாத சத்தத்தில் அது அமுங்கியது. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

கஸ்தூரி பக்கத்தில் பூபாலன் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்வை வரிசையில் ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று தட்டாதவர்களை அவன் அடுத்து எதற்கும் கூப்பிட மாட்டான். அப்படிக் கூப்பிடாமல் விட்டவர்களை அவளுக்குத் தெரியும். கஸ்தூரி கைகளைத் தூக்கினாள். வேகமாக அடித்தாள். அடித்த கைகள் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நின்றன. மறுபடி. மறுபடி. அவள் கைகளிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. தன் அக்காவின் பேச்சுக்குமேல் விழுந்த சத்தத்தில் தன்னுடையது துளியும் இல்லை என்று அவள் உறுதி செய்துகொண்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தாள்.

பொன்னியம்மா கூட்டத்தில் யாரையோ தேடினாள். கண்டுபிடித்தாள். தங்கையின் கைகள் அசைவதைப் பார்த்தாள். அவள் வாய் மூடிக்கொண்டது.

"உங்கள் நேரம் முடிந்தது," என்றார் எழுத்தர். "நன்றி, கஸ்தூரி அம்மா."

கூட்டத்தின் முடிவில், நடந்தவற்றைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தர் வேகமாக வாசித்தார். பிரியாணி வந்து இறங்கியிருந்தது. யார் கவனமும் மேடையில் இல்லை. பின்சுவரோரம் நின்ற பொன்னியம்மா மட்டும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்காகத்தானே வந்திருந்தாள்.

"வேம்படிக்குப்பத்தைச் சேர்ந்த திருமதி கஸ்தூரி அவர்கள், திட்டத்தின் பாதுகாப்பு அம்சங்கள் குறித்துப் பேசினார். பொதுமக்கள் பலத்த கரவொலி எழுப்பி அவரது கருத்தை வரவேற்றனர்."

"ரோடு?" என்று பின்னாலிருந்து கத்தினாள் பொன்னியம்மா. "ரோட்ட பத்தி கேட்டனே, அது எங்க? யோவ், எழுதலியா? அந்த ஒண்ணுதான்யா கேட்டேன்!"

மைக்கை அணைத்துவிட்டார்கள். தலைமை அதிகாரி கைப்பையை எடுத்துக்கொண்டு, தோல்களின்மேல் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினார்.

பூபாலன் கஸ்தூரியிடம் வந்தான். அவனிடம் கோபம் இல்லை. "நல்ல காலம், ஒயுங்கா முடிஞ்சிது. நீ பேசாட்டியும் உன் பேரு ரெக்கார்டுல ஏறிடுச்சி பாரு. பிரியாணி வாங்கிகினு பஸ்ல ஏறு."

மண்டபத்துக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. பொன்னியம்மா ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். கஸ்தூரி ஓடிப்போய் எதிரே நின்றாள்.

"யக்கா."

"வழிய வுடு. பஸ்ஸு உனக்குத்தான் காத்துகினு கீது. இப்பதான் உன்கூட வந்தவங்க சொன்னாங்க, நீங்கள்லாம் சினிமாக்காரங்களாமே. நான்தான் ஊருக்காக வந்தேன்னு பீத்திகினு நின்னேன்."

"நான் சத்தம் வராமதான் தட்டுனேன்க்கா. சத்தியமா. கை படவே இல்ல. எங்க வேலைல அப்பிடிதான் தட்டுவோம். உன் பேச்சு மேல நான் ஒரு சத்தமும் போடல."

பொன்னியம்மா அவளைப் பார்த்தாள். "தட்டு," என்றாள்.

"இன்னாக்கா?"

"இப்ப தட்டிக் காட்டு. பாக்கறேன்."

டீக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி நடுரோட்டில் நின்று கை தட்டினாள். கைகள் வந்தன, நின்றன, விலகின. பொன்னியம்மா குனிந்து தன் காதை அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

"ஆமா. ஒண்ணுமே கேக்கல," என்றாள். நிமிர்ந்தாள். "அங்க நான் பேசுனதும் எனக்கு ஒண்ணும் கேக்கலடி."

அவள் தங்கையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஸ்டேஷன் பக்கம் நடந்து, ஆட்டோக்களுக்கு நடுவே மறைந்தாள்.

பேருந்துகள் புறப்படத் தயாராக இருந்தன. ஜமீலா ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். மக்கள் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பும் காட்சியை எடுக்க, கேமராக்காரனை விஷால் சாலையோரம் நிறுத்தியிருந்தான். ஏறுகிறவர்கள் பொட்டலங்களைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், தங்களுக்குள் பேசிச் சிரித்தபடி ஏறினார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கஸ்தூரி பேருந்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஏறவில்லை. திரும்பி, கேமராவின் கண்ணாடியை நேராகப் பார்த்தாள். பத்து வருடத்தில் முதல் முறை. அது கருப்பாக, ஈரமாக இருந்தது. அதில் தன் முகம் சிறியதாகத் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார், அந்தம்மா லுக்கு குடுக்குறாங்க," என்றான் கேமராக்காரன்.

விஷால் தலை நிமிரவில்லை. "விடு. அந்த பிட்ட எடிட்டிங்ல கட் பண்ணிக்கலாம்."